ஜூனியர் வக்கீலுக்குச் சம்பளம் கொடுங்கள்

"தொழில் கத்துக்க வந்திருக்க, காசு எதுக்கு?" என்று கேட்கும் சீனியர்கள் இன்னும் நம் கோர்ட் வளாகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

காலையில் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது, ராத்திரி வரை சேம்பரில் உட்கார்ந்து மனு தயாரிப்பது எல்லாம் வேலைதான். கட்சிக்காரர் அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் கொடுக்கிறார். ஜூனியர் கைக்கு வருவது பல இடங்களில் பெட்ரோல் காசு.

அப்பா வக்கீலாக இருந்தால் இதைச் சமாளித்துவிடலாம். சேம்பரும் கட்சிக்காரர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்து, சென்னையில் அறை வாடகை கொடுத்து, வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறை வக்கீல் என்ன செய்வார்? என்னுடன் படித்த கெட்டிக்காரத் தோழி ஒருத்தி வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். குறுக்கு விசாரணையில் பெயர் வாங்கியிருக்க வேண்டியவள்.

இது அவளோடு முடிகிற விஷயமும் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாக வக்கீல்களிலிருந்து ஒருவரை எடுக்க, உயர் நீதிமன்றத்தில் 10 வருடத் தொழில் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 217ஆவது பிரிவு. மூன்றாவது வருடத்திலேயே வெளியேறியவர் அந்தப் பட்டியலுக்கு எப்படி வருவார்? நீதிபதிகளில் தலித்துகள், பெண்கள் ஏன் குறைவு என்று மேலே பார்த்துக் கேட்கிறோம். வடிகட்டல் கீழே சேம்பரிலேயே நடந்துவிடுகிறது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. அக்டோபரில் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்றது, ஆனால் வெறும் பரிந்துரையாக. கட்டாயம் இல்லாத பரிந்துரையை வைத்து ஜூனியர் யாரிடம் போய்க் கேட்பார்? கேட்டால் அந்தச் சேம்பரில் அப்புறம் இடம் இருக்குமா?

சரி, சின்ன ஊரில் சீனியருக்கே அவ்வளவு வருமானம் இல்லை என்பார்கள். அது உண்மைதான். அங்கே அரசு கை கொடுக்கட்டும். ஆந்திராவில் 2019இல் இளம் வக்கீல்களுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று ஒரு திட்டமே வந்தது. ஆனால் ஒரே வாய்தாவுக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் இந்தக் காரணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

பார் கவுன்சில் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஜூனியர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: உங்கள் சேம்பரில் எத்தனை ஜூனியர், மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?