லார்சன் ஸ்காட்லாந்துல மட்டும் அடிச்சவர் இல்ல

ஸ்வீடன் ஃபுட்பால்ல ஸ்ட்ரைக்கர்னு, அதாவது கோல் அடிக்கிற ஆள்னு பேச்சு வந்தாலே எல்லாரும் ஸ்லாடன் இப்ராஹிமோவிச் கிட்டயே போய் நிக்கிறாங்க. ஸ்லாடன் பெரிய ஆள்தான், நாட்டுக்காக 62 கோல் அடிச்சவர், அதுல மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனா ஹென்ரிக் லார்சன் பேரை எடுத்தா மட்டும் "அவரு ஸ்காட்லாந்து லீக்ல அடிச்சவர்தானே, அங்க யாரு வேணா அடிக்கலாம்"னு ஒருத்தர் வந்துடுறாரு பாருங்க, அதைத்தான் என்னால ஏத்துக்கவே முடியல.

ஸ்காட்லாந்து கிளப் செல்டிக்ல அவர் ஆடுன 2000-01 சீசனையே எடுத்துக்குவோம். அதுக்கு முந்தின சீசன்லதான் பிரான்ஸ் கிளப் லியானோட நடந்த மேட்ச்ல காலு முறிஞ்சு மாசக்கணக்குல படுத்திருந்தாரு, நிறைய பேரு இனிமே பழைய லார்சன் வரமாட்டார்னே நினைச்சாங்க. திரும்பி வந்து லீக்ல 35, எல்லா போட்டியும் சேர்த்து 53 கோல். ஐரோப்பிய லீக்குகள்ல அடிச்ச கோலுக்கு பாயிண்ட் போட்டு, டாப்ல வர்றவருக்குக் குடுக்கிற கோல்டன் பூட் விருதும் அவருக்குத்தான். அதுல ஒரு விஷயம் கவனிக்கணும், இத்தாலி மாதிரி பெரிய லீக்ல அடிச்சா ஒரு கோலுக்கு 2 பாயிண்ட், ஸ்காட்லாந்துல அடிச்சா 1.5தான். அதாவது சின்ன லீக்னு நீங்க குறைக்கிற மார்க்கை அவங்க முன்னாடியே குறைச்சுட்டாங்க, அப்புறமும் இத்தாலி கிளப் லாசியோல 26 அடிச்ச கிரெஸ்போவை அரை பாயிண்ட்ல தாண்டிட்டாரு மனுஷன்.

2003ல ஸ்பெயினோட செவில் நகரத்துல நடந்த யூஈஎஃப்ஏ கப் (ஐரோப்பிய கிளப்புகளோட ரெண்டாவது பெரிய கப்) ஃபைனல் இன்னொண்ணு. எதிர்ல மொரீன்யோ கோச்சா இருந்த போர்ச்சுகல் கிளப் போர்ட்டோ, அடுத்த வருஷமே ஐரோப்பாவோட பெரிய கப்பான சாம்பியன்ஸ் லீக்கை தூக்குன டீம். அவங்க ரெண்டு தடவை முன்னாடி போனாங்க, ரெண்டு தடவையும் லார்சன் தலையால முட்டி சமன் பண்ணாரு, அவ்ளோ ஒண்ணும் உயரமான ஆளும் கிடையாது, எகிறுற டைமிங் அப்படி. எக்ஸ்ட்ரா டைம்ல 3-2ன்னு செல்டிக் தோத்துச்சு. அந்த மேட்சை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

அப்புறம் பார்சிலோனா. 2006 மே, பாரிஸ்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஆர்செனல் பத்து பேரோட ஆடியும் 1-0ன்னு முன்னாடி இருக்காங்க, ரொனால்டினோவுக்கே வழி கிடைக்கல. ஒரு மணி நேரம் தாண்டி லார்சன் இறங்குறாரு. இனியெஸ்டா குடுத்த பாலை நிறுத்தக்கூட இல்ல, லேசா ஒரு தட்டு, எட்டோ ஓடுற பாதையில போய் விழுந்துச்சு, கோல். கொஞ்ச நேரத்துல வலதுபக்கம் பெல்லெட்டிக்கு ஒண்ணு, அதுவும் கோல், கப் பார்சாவுக்கு. தோத்துட்டு வெளிய வந்த ஆர்செனல் ஸ்ட்ரைக்கர் ஆன்ரியே மேட்சை மாத்துனது லார்சன்தான்னு சொன்னாரு.

செல்டிக் ரசிகர்கள் அவரை ராஜான்னு கூப்பிடுறது சும்மா இல்ல. ஏழு வருஷம், 242 கோல். நடுவுல வேற எங்கயாவது போயிருந்தா பேரும் பணமும் இன்னும் வந்திருக்கும், ஆனா அங்கயே இருந்தாரு. 2004ல பார்சா ஜெர்சி போட்டு செல்டிக் கிரவுண்டுக்கே வந்து கோல் அடிச்சாரு, கொண்டாடவே இல்ல, பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. 2007ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு லோன்ல போனப்போ 35 வயசு, அங்க மேனேஜரா இருந்த ஃபெர்குசன் இன்னும் கொஞ்ச நாள் இருங்கன்னு கேட்டும், சொந்த ஊர் ஹெல்சிங்போரி கிளப்புக்கு குடுத்த வாக்குதான் முக்கியம்னு கிளம்பிட்டாரு.

சந்தேகம் இருக்கறவங்க பாரிஸ் மேட்சோட கடைசி அரைமணி நேரத்தை மட்டும் தேடிப் பாருங்க, அப்புறம் வந்து பேசுவோம்.