ஹாரி கத்தட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நான், அக்கா மகன், அவன் கூட்டாளிகள் இரண்டு பேர், என்னோடு ஹார்பரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். பேச்சு ஹாரி பாட்டர் பக்கம் திரும்பியது. ஐந்தாவது புத்தகம் என்று நான் வாயெடுத்ததுமே நாலு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். "அது வேஸ்ட் மாமா, புக்கு முழுக்கக் கத்திக்கினே இருக்கான்" என்றான் அக்கா மகன். இருநூறாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு நேராக ஆறாவதுக்குப் போய்விட்டானாம். நண்பர் முழுதாகப் படித்தவர். பாதியாகக் குறைத்திருக்கலாம் என்பது அவர் வாதம். கூட்டாளிப் பையன்கள் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். படமே போதும் என்று அவர்கள் முடித்துவிட்டார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். வாரம் முழுக்க அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த வரிசையிலேயே எனக்கு நெருக்கமானது ஐந்தாவதுதான். இனிமேல்தான் படிக்கப்போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவையெல்லாம் சொல்லிவிடுவேன்.

முதலில் குறைகளை ஒத்துக்கொள்கிறேன். 'ஆர்டர் ஆஃப் தி ஃபீனிக்ஸ்' ஏழிலும் பெரிய புத்தகம். என்னிடம் இருக்கும் பதிப்பில் 38 அத்தியாயம், 766 பக்கம். நாலாவது 2000 ஜூலையில் வந்தது, இது வந்தது 2003 ஜூன் 21-இல். மூன்று வருஷம் காத்திருந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய புத்தகம் கிடைத்தும், முக்கால்வாசிக்கு வில்லன் நேரில் வராமல் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கதை சுற்றினால் சலிப்புத்தான் வரும். பள்ளியில் வேலை பார்க்கும் ஹாக்ரிட் காட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் ராட்சதத் தம்பி வரும் பகுதி எனக்கும் இழுவை. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் ஒளிந்திருக்கும் வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்வதற்கு அத்தனை பக்கம் வேண்டாம். இதிலெல்லாம் நண்பரோடு சண்டை போட மாட்டேன்.

ஹாரி கத்துவதைக் குறை சொன்னால் போடுவேன்.

அவன் நிலைமையைப் பாருங்கள். கூடப் படிக்கிற செட்ரிக்கை அவன் கண்ணெதிரே கொன்றுவிட்டார்கள். உடலைக் கொண்டுவந்து சேர்த்தவனே இவன்தான். அடுத்து லீவுக்கு அவனைப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ஒரு தகவலும் கிடையாது. கதை தொடங்கும்போது அவன் ஜன்னலுக்குக் கீழே செடிகளுக்கு நடுவே மல்லாந்து படுத்துக்கொண்டு, உள்ளே ஓடும் டிவி செய்தியை ஒட்டுக்கேட்கிறான். குப்பைத்தொட்டியில் கிடக்கும் பேப்பரை எடுத்துப் பார்க்கிறான். நண்பர்கள் ரானும் ஹெர்மயனியும் கடிதம் போடுகிறார்கள், ஆனால் விஷயம் எதுவும் அதில் இருக்காது. சொல்லக் கூடாது என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவர்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். பள்ளிக்குத் திரும்பினால் அதே டம்பிள்டோர் இவன் முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நடந்ததைச் சொன்னதற்குத் தண்டனையாக, பொய் சொல்லக் கூடாது என்று தன் கை ரத்தத்தாலேயே எழுத வைக்கிறாள் புதிதாக வந்த டீச்சர் அம்ப்ரிட்ஜ். இத்தனையும் அவனுக்குப் பதினைந்து வயதில், நம்ம ஊர் பப்ளிக் பரீட்சை மாதிரி ஒரு பெரிய பரீட்சை வருகிற வருஷத்தில்.

2006-இல் எனக்கும் பதினைந்து. பத்தாவது. காசிமேட்டில் இருந்தோம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பொங்கல் முடிந்ததும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஒண்ணுமில்லடா, வயித்து வலி, நீ படி" என்றார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ராத்திரி அம்மாவும் அத்தையும் வாசலில் பேசுவதை நான் மாடிப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பேன். ஒருநாள் 'லிவர்' என்ற வார்த்தை காதில் விழுந்தது. சயின்ஸ் புத்தகத்தில் கல்லீரல் எங்கே வருகிறது என்று தேடினேன். அது என்ன வேலை செய்கிறது என்று நாலு வரி இருந்தது. அது கெட்டுப்போனால் ஒரு ஆள் எத்தனை நாள் இருப்பார் என்று அதில் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தபோது சொம்போடு தூக்கிச் சுவரில் அடித்தேன். "எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேன்றீங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவின் பழைய லுங்கியை எடுத்துவந்து குத்துக்காலிட்டுத் தரையைத் துடைத்தாள். கடைசிப் பரீட்சை முடிந்து நாலாம் நாள் அப்பா போய்விட்டார். அந்தச் சொம்பு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பு நசுங்கியிருக்கும், அம்மா அதில்தான் அரிசி அளக்கிறாள்.

அந்த மே மாத லீவில்தான் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் இதை வாங்கினேன். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆங்கிலத்தில் அவன் உச்சத்தில் கத்துகிற இடமெல்லாம் பெரிய எழுத்திலேயே (கேபிட்டல்) அச்சாகியிருக்கும். தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று கிடையாது, ஆனாலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதுவரை நான் படித்த கதைகளில் துக்கப்படுகிற பையன் ஓரமாக உட்கார்ந்து அழுவான், எல்லோரும் அவனுக்காக இரக்கப்படுவார்கள். இவனோ ரான் மேலேயும் ஹெர்மயனி மேலேயுமே எரிந்து விழுகிறான். தனக்கு நல்லது நினைக்கிறவர்களைத்தான் குத்துகிறான். துக்கம் அப்படியும் இருக்கும் என்று அந்தப் புத்தகத்தில்தான் பார்த்தேன்.

சிரியஸ் மாட்டிக்கொண்டார் என்று வில்லன் காட்டிய பொய்க் காட்சியை நம்பி ஹாரி கிளம்பிப் போகிறான், அவனைக் காப்பாற்ற வந்த சிரியஸ் செத்துப்போகிறார். அதன்பிறகு டம்பிள்டோர் அறையில் ஹாரி கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைக்கிறான். அவர் தடுக்கவில்லை. உடைத்து முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்கிறார். சொல்லாமல் வைத்திருந்தது தன் தப்பு என்று ஒத்துக்கொள்கிறார். ஒரு பெரியவர், பதினைந்து வயதுப் பையனிடம். அது 37-ஆவது அத்தியாயம். பாதியாகக் குறைக்கலாம் என்கிற நண்பருக்கு இதுதான் என் பதில்: எழுநூறு பக்கம் அவன் தெரியாமல் தவித்ததை நாமும் கூடவே இருந்து பார்த்ததால்தான் அந்த ஒரு பேச்சுக்கு அவ்வளவு கனம்.

படமே போதும் என்கிற தம்பிகளுக்கு: 2007-இல் வந்த படம் 138 நிமிஷம். அதில் இல்லாத இரண்டு இடத்தைச் சொல்கிறேன். ஹாரியோடு படிக்கிற நெவிலின் அப்பா அம்மா சித்திரவதையில் மனம் கலங்கி, ஆஸ்பத்திரியிலேயே இருப்பவர்கள். மகனை அடையாளம் தெரியாது. 23-ஆவது அத்தியாயத்தில் அந்த அம்மா தள்ளாடி நடந்துவந்து, நெவில் கையில் ஒரு சூயிங்கம் காகிதத்தை வைக்கிறாள். பாட்டி அதைக் குப்பையில் போடச் சொல்கிறாள், ஏற்கெனவே நிறையக் கொடுத்திருக்கிறாளாம். அவன் யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறான். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

இன்னொன்று அந்தக் கண்ணாடி. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து கிளம்பும்போது, தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடு என்று சிரியஸ் ஒரு பொட்டலம் கொடுக்கிறார். ஹாரி பிரிப்பதே இல்லை. அவர் செத்தபிறகு பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் பிரித்தால், இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிற கண்ணாடி. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறான். அவன் முகம்தான் தெரிகிறது. முன்னாடியே பிரித்திருந்தால் சிரியஸ் வீட்டில்தான் இருக்கிறாரா என்று ஒரு நொடியில் கேட்டிருக்கலாமே, இது கதையில் பெரிய ஓட்டை என்கிறார் நண்பர். எனக்கு அது ஓட்டையாகத் தெரியவில்லை. தன்னால் அவர் வெளியே வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அவன் அதைத் தொடவே இல்லை. அவரைக் காப்பாற்ற நினைத்து மூடி வைத்ததுதான் கடைசியில் அவரைக் காப்பாற்றாமல் போகிறது.

அக்கா மகனுக்கு இந்த வருஷம் பத்தாவது. என் பழைய பிரதியை அவன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முழுசும் வேண்டாம்டா, 23, 24, 37, 38, இந்த நாலு அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வா. உன் கூட்டாளிகளையும் கூட்டி வா, நண்பர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.