கைக்கு வந்ததை வாசிப்பதாம்!

ஒருவர் பியானோவும் இன்னொருவர் லேப்டாப்பும் வாசித்த கச்சேரியில் எடுத்த அந்த முப்பது விநாடி வீடியோவை என் நட்பு வட்டத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். "பியானோ கட்டைகள்மேல் பூனை நடந்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும்" என்ற வரியோடு எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கச்சேரியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன். முன்கூட்டி எழுதிவைக்காமல் அந்த நேரத்தில் உருவாக்கி வாசிப்பது வேறு, கைக்கு வந்ததை வாசிப்பது வேறு.

மதியமே அரங்குக்குப் போயிருந்தேன். பியானோ கலைஞர் மூடியைத் திறந்து, தந்திகளுக்கு நடுவே ஒரு திருகாணியைச் செருகுகிறார், கட்டையைத் தட்டிக் கேட்கிறார், திருப்தியில்லை, கொஞ்சம் நகர்த்தி மறுபடி தட்டுகிறார். எதை, தந்தியின் எந்த இடத்தில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதே கட்டை மணி மாதிரியும் ஒலிக்கும், மரத்தைத் தட்டுவது மாதிரியும் ஒலிக்கும். ஒவ்வொரு கட்டையாக இப்படியே போனது. கைக்கு வந்ததை அடிப்பவருக்கு இது எதற்கு?

இது நேற்று முளைத்த கிறுக்குத்தனமும் இல்லை. 1925-லேயே அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் கட்டைகளைத் தொடாமல் தந்திகளையே விரலாலும் நகத்தாலும் வருடி வாசிக்கும்படி ஒரு படைப்பு எழுதினார். 1940-ல் இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் ஒரு நடனத்துக்கு இசையமைத்தபோது தாளவாத்தியக் குழுவுக்கு மேடையில் இடமில்லை. இருந்த ஒரு பியானோவுக்குள் பொருட்களைச் செருகி அதையே குழுவாக்கினார். 1948-ல் பிரெஞ்சு வானொலிக்காரர் பியர் ஷேஃபர் ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, துண்டு துண்டாகக் கோத்து இசையாக்கினார். எத்தனை வருஷம் ஆகிவிட்டது, இன்னும் பூனை ஜோக்கா?

வீடியோவை எடுத்துப் போட்டவரே, "காசு கொடுத்தவனுக்குக் கருத்து சொல்ல உரிமையில்லையா" என்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை, போரடித்தது என்று சொல்லுங்கள். நடுவில் வெறும் எலக்ட்ரானிக் ரீங்காரமாகப் போன பகுதி எனக்கும் நீளம்தான். ஆனால் "ஏமாற்று வேலை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது கருத்தா? அப்புறம், பியானோ கெட்டுப்போகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அஜாக்கிரதையாகச் செய்தால் கெடும். அதனால்தான் அத்தனை நேரம் பிடித்தது.

சின்ன வயதில் பியானோ வகுப்பில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்கினேன். வாத்தியார் படாரென்று மூடிவிட்டு, "விளையாடவா வந்தாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்த மூடியைத் தொட்டதேயில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையாக இருக்கும் சிரிப்புப் பொம்மைகளைப் பார்க்கும்போது இது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த முப்பது விநாடிக்கே வருகிறேன். வீடியோ முடிந்த இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? லேப்டாப்பில் இருந்தவர் அந்த ஆவேசமான பகுதியை அப்படியே பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஆழமான குரலில் ஒலிபெருக்கி வழியாகத் திருப்பி அனுப்பினார். பியானோ கலைஞர் கையை எடுத்துவிட்டார். அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒரே ஒரு ஸ்வரத்தை வைத்தார். காதைத் தீட்டிவைத்திருக்கிறவரால்தான் அது முடியும். நீங்கள் அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டீர்கள்.

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. அந்த ஸ்வரம்வரை உங்கள் போனில் பதிவாகியிருந்தால் மிச்சத்தையும் போடுங்கள். அப்புறம் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.