உபுண்டுவின் பெயரால் யாரிடம் என்ன கேட்கப்பட்டது?

ஆப்பிரிக்காவின் தென்பகுதி மக்களின் அறச்சிந்தனையான உபுண்டு என்றாலே அன்பு, மன்னிப்பு என்று மட்டும் பேசப்படுவது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. 'மனிதர் பிற மனிதரால்தான் மனிதராகிறார்' என்னும் சூலு முதுமொழியும், சோத்தோ, ஷோனா மக்களிடையே வழங்கும் அதே கருத்தும், பிறரைச் சிறுமைப்படுத்துகிறவர் தம் மனிதத்தன்மையையே இழக்கிறார் என்று சொல்கின்றன. அப்படியானால் இழந்ததை மீட்கும் கடமையும் முதலில் அவருடையதே.

இந்தச் சிந்தனையின் வலிமையை 1995 ஜூன் 6 அன்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் காட்டியது. மக்வான்யானே வழக்கில் குற்றவாளிகள் கொலைக் குற்றம் உறுதிசெய்யப்பட்டவர்கள். பொதுமக்களில் பெரும்பாலோர் மரண தண்டனையை விரும்புவதாகக் கருதப்பட்ட காலம் அது. ஆயினும் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அத்தண்டனையைச் செல்லாததாக்கினார்கள். கொலை செய்தவருக்கும் பறிக்க முடியாத மாண்பு உண்டு என்பதற்கு இவோன் மொக்கோரோ, பயஸ் லங்கா போன்றோர் தங்கள் தீர்ப்புரைகளில் உபுண்டுவை அடிப்படையாகக் காட்டினார்கள். விரும்பத் தகாதவரையும் விலக்காத அந்தத் துணிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தில்தான் அந்தக் கடமையின் சுமை பாதிக்கப்பட்டவர்கள்மீது இடம் மாறியது. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவருக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. அதற்கு அவர் வருந்தியாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மன்னிப்புப் பெற்றவர்மீது பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டு வழக்குத் தொடரும் உரிமையும் அதோடு போயிற்று. காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தினர் உள்ளிட்டோர் இதை எதிர்த்து வழக்காடி 1996இல் தோற்றார்கள். வெளியே வராமலே போயிருக்கக்கூடிய உண்மைகள் வெளிவர அந்த விலை தேவைப்பட்டது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் வழக்குரிமையை இழந்தவர்களுக்கு அரசு ஈடுசெய்யும் என்பதே அந்த ஏற்பாட்டின் மறுபாதி. ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தர ஆணையம் பரிந்துரைத்தது. 2003இல் அரசு அறிவித்ததோ ஒரே ஒரு முறை 30,000 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). நிறவெறி ஆட்சியில் செழித்த வணிக நிறுவனங்கள்மீது வரி விதிக்கும் யோசனையும் கைவிடப்பட்டது.

மகனைப் பறிகொடுத்த தாயிடம் உபுண்டு கேட்கப்பட்டது, அவரும் கொடுத்தார். அந்த ஆட்சியால் சொத்துச் சேர்த்தவர்களிடம் அது கேட்கப்படவே இல்லை. இதைக் காரணம் காட்டி உபுண்டுவே ஏமாற்று என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்த ஏற்பாட்டை நாம் குறைசொல்வதற்கான அளவுகோலே உபுண்டு தந்ததுதான். இழப்பீட்டுக்கென ஒதுக்கிய நிதியில் பெருந்தொகை இன்னும் செலவாகாமல் கிடக்கிறது; உரியவர்களோ முதுமையடைந்து இறந்துகொண்டிருக்கிறார்கள்.