அகப்பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, அப்புறம்?

கோலாலம்பூரில் நம்மவர்களின் சிறு வியாபாரங்களுக்கு அகப்பக்கமும் செயலியும் செய்து கொடுப்பது என் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் என்று எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: “நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் தொடணும்?” கட்டி முடித்த பக்கத்தையும் தொடர்ந்து அப்டேட் செய்து பராமரிக்க வேண்டும் என்பதால் இந்தப் பேச்சு ஆபத்தானது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு டியூஷன் நிலையத்தின் பதிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெவலப்பர் சொந்தமாக எழுதியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் வேறு யாரோ எழுதி இலவசமாக வெளியிட்ட லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகள். படிவத்துக்கு ஒன்று, மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, கட்டணம் வாங்க ஒன்று. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இன்னும் சிலவற்றை இழுத்துக்கொண்டு வரும். எதெல்லாம் உள்ளே இருக்கிறது என்று பல சமயம் கட்டிக் கொடுத்தவருக்கே தெரியாது.

லாக்4ஜே விவகாரத்தில் உலகமே திணறியது இதனால்தான். ஜாவா மென்பொருளில் நடப்பதைக் குறித்து வைக்கும் சாதாரண லைப்ரரி அது. 2021 டிசம்பரில் அதன் ஓட்டை வெளியே தெரிந்தது. அது குறித்து வைக்கும் வரிக்குள் ஒரு குறிப்பிட்ட எழுத்துத் தொடரைப் புகுத்தினால் போதும், வெளியாள் தன் நிரலை அந்த சர்வரில் ஓட்டிவிடலாம். ஆபத்தின் அளவுகோலில் பத்துக்குப் பத்து. திருத்தம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் “இது நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது?” என்ற கேள்விக்கு எத்தனையோ நிறுவனங்களிடம் பதில் இல்லை.

ஈக்விஃபேக்ஸ் கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் பெரிய கடன் தகவல் நிறுவனம். இணையச் செயலிகளைக் கட்ட அவர்கள் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளுக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளியானது. திருடர்கள் நுழைந்தது மே மாதம். திருத்தச் சொல்லி உள்ளுக்குள் மின்னஞ்சல் போனது, ஸ்கேன்கூடச் செய்தார்கள். ஓட்டை இருந்த அந்த சர்வர் மட்டும் சிக்கவில்லை. ஏறக்குறைய 147 மில்லியன் பேரின் விவரங்கள் போயின.

“நாம சின்னக் கடை, நம்மை யார் தேடி வரப் போறா?” என்பார்கள். யாரும் தேடி வர வேண்டியதில்லை. தாமானில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகும் திருடனைப் போல, பழைய பதிப்பு எங்கே ஓடுகிறது என்று தானியங்கி நிரல்கள் இணையம் முழுக்கத் துழாவுகின்றன. அகப்பக்கங்களை எழுதும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதில் ஓடும் பக்கங்களை இன்றும் பார்க்கிறேன்.

சரி, வருவதையெல்லாம் வந்த நிமிடமே அப்டேட் செய்துவிடலாமா? அதுவும் கூடாது. 2025 செப்டம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான என்பிஎம்மில் சாக், டீபக் போன்ற மிகப் பரவலான லைப்ரரிகளைப் பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி, புதிய பதிப்பிலேயே விஷத்தைக் கலந்துவிட்டார்கள். எனவே சாதாரணப் பதிப்புகளுக்குச் சில நாள் பொறுக்கலாம், பாதுகாப்புத் திருத்தம் என்றால் தள்ளிப்போடக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

நம் மலேசியச் சட்டமும் மாறிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் கடுமையான தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். முன்பு 3 லட்சம்தான் உச்சவரம்பு.

டியூஷனுக்குப் பதியும் பெற்றோர் பிள்ளையின் அடையாள எண், வீட்டு முகவரி, பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் நம்பி எழுதித் தருகிறார்கள். கசிந்த அடையாள எண்ணை யாரும் திரும்ப வாங்கித் தர முடியாது. கடைக்கு ஏர்கான் சர்வீஸுக்கு வருடா வருடம் பணம் ஒதுக்குகிற முதலாளி, அகப்பக்கப் பராமரிப்புக்கு ஒரு தொகை கேட்டால் மட்டும் முகம் சுளிப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

டெவலப்பர்களுக்கும் சொல்கிறேன். விலை குறைத்துக் காட்டுவதற்காக, கொட்டேஷனில் பராமரிப்புச் செலவை எழுதாமல் விடாதீர்கள். என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலையும் வேலையோடு சேர்த்துக் கொடுங்கள். முதலாளிகளே, பழைய பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பட்டியலை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். கட்டிக் கொடுத்தவர் இப்போது தொடர்பிலேயே இல்லை என்றால், முதலில் வேறொருவரை வைத்து அந்தப் பக்கத்தைப் பரிசோதியுங்கள்.