யோசிக்கவும் நேரம் கொடுங்கள்

பேச்சை எழுத்தாக்குவது, கேள்வியையும் பதிலையும் எழுதித் தரும் மொழி மாடல், எழுத்தைக் குரலாக்குவது என மூன்றையும் கோர்த்தால், வேலை நேர்காணலுக்குப் பேசிப் பழக உதவும் ஏஐ பயிற்சியாளர் தயார் என்கிறது ஒரு கட்டுரை. கோர்ப்பது சுலபம்தான். பேசுபவர் முடித்துவிட்டாரா என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகும். சாதாரண உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கச் சராசரியாக 200 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. அதே வேகத்தை இங்கே கொண்டுவந்தால் கதை கெட்டது. "டீமில் சண்டை வந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், யாராக இருந்தாலும் "அது வந்து..." என்று இழுத்துவிட்டு இரண்டு மூன்று விநாடி யோசிப்பார்கள். அரை விநாடி மௌனத்தையே முடிவாக எடுத்துக்கொள்ளும் கருவி அதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு இது வேறா! மௌனத்தோடு, வாக்கியம் முடிந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், "ம்ம்", "ஆ..." எத்தனை என்று எண்ணிச் சொல்லும் வசதி. 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடல்கள் இந்த இழுவைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் எழுதித் தரும். அந்த எழுத்தை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், திக்கித் திணறியவரும் சரளமாகப் பேசியவராகத் தெரிவார். ஒலியையே நேரடியாக அலசியாக வேண்டும். முகபாவத்துக்கு மதிப்பெண் போடும் யோசனை மட்டும் வேண்டாம். வீடியோ நேர்காணல் மென்பொருள் தரும் ஹையர்வியூ நிறுவனமே அதைக் கைவிட்டதாக 2021-இல் அறிவித்துவிட்டது.