வியாழனை வெள்ளை உருண்டையாக்கிய வெப்கேம்

வயிறு எரிகிறது. ஆசை ஆசையாக வாங்கிய வெப்கேம் 2026 ஜனவரி 10-ஆம் தேதி ராத்திரி என்னைக் கழுத்தறுத்துவிட்டது. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நின்ற ராத்திரி அது, 'எதிர்நிலை' என்பார்கள். பதின்மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அப்படி வரும்.

ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. குருபெயர்ச்சி வந்தால் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் குருவையே தெருப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் காட்டலாம் என்று, மார்கழிப் பனியில் நாலரை அங்குல டெலஸ்கோப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டு பழுப்புப் பட்டை தெளிவாகத் தெரிகிறது. வெப்கேமைச் சொருகினால் சுண்ணாம்பு உருண்டை! "என்ன மாமா, லைட்டைப் படம் எடுத்தீங்களா?" என்று அக்கா மகள் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் இந்த 'ஆட்டோ' படுத்தும் பாடு. திரை முழுக்கக் கருப்பு, நடுவில் துளியூண்டு கிரகம். கேமராவோ மொத்தமும் இருட்டு என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தை ஏற்றுகிறது, பட்டையெல்லாம் வெளுத்துப் போகிறது. நான் குறைக்கக் குறைக்க அது திரும்ப ஏற்றுகிறது. அணைக்க ஒரு பொத்தான் கிடையாது. முகத்தைப் பளபளப்பாக்க மட்டும் ஏழு பொத்தான்!

லென்ஸ் கதை இன்னும் கொடுமை. கிரகம் எடுக்க லென்ஸைக் கழற்றியாக வேண்டும், டெலஸ்கோப்தான் லென்ஸ். பழைய பிலிப்ஸ் டூகேம் வெப்கேமில் திருகினால் கையோடு வரும். ஃபிலிம் ரோல் டப்பாவின் அடியை வெட்டி ஒட்டினால் டெலஸ்கோப்பின் ஒன்றேகால் அங்குலக் குழாயில் கச்சிதமாக உட்காரும். வெறும் 640க்கு 480 புள்ளிதான். ஆனால் ஆயிரக்கணக்கான ஃப்ரேம் எடுத்து, காற்று அசையாத நொடியில் விழுந்ததை மட்டும் பொறுக்கி, ரெஜிஸ்டாக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இருபது வருஷத்துக்கு முன்பே வியாழனின் பெரும் சிவப்புப் புள்ளியைப் பிடித்துக் காட்டினார்கள். என்னுடையதில் லென்ஸைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி, குறடு வைத்து நெம்பி, விரலைக் கிழித்துக்கொண்டுதான் எடுத்தேன். ஏன் ஒட்ட வேண்டும்? மரை இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலும் பொய். உள்ளே இருப்பது சின்ன சென்சார், சாஃப்ட்வேர் இழுத்துப் பெரிதாக்குகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஃப்ரேமையும் நசுக்கி அனுப்புகிறது, அடுக்கினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கும்பகோணத்தில் வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கேட்டால், "மூஞ்சி தெரியுதுல்ல சார்?" என்கிறார். மூஞ்சிக்கா வாங்கினேன்!

வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் வீடியோ நீண்டால் பட்டை இழுபடும். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் இந்தச் சனியன் எத்தனை தடவை வெளிச்சத்தை மாற்றியது என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று! கடைசியில் கண்ணாடியிலும் பனி இறங்கிவிட்டது. பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள்.

அடுத்த எதிர்நிலை 2027 பிப்ரவரியில். அதற்குள் யார் வீட்டுப் பரணிலாவது பழைய டூகேம் கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வேதாரண்யமானாலும் பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.